தொலி எடுக்க யாரு இருக்கா?

கிழங்குக்குக் கத்தி மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல் வேண்டும்

மார்கழிக் கடைசி வாரம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சிறுகிழங்கு வந்து இறங்கியிருந்தது. ஈரமண் ஒட்டிய கறுப்புக் குவியல். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு அள்ளியதை அப்படியே குவியலில் போட்டுவிட்டு, "ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு போடுங்க அண்ணாச்சி" என்றார்.

"ஏம்மா, சிறுகிழங்கு வேண்டாமா? இன்னைக்கு வந்த சரக்குல்லா!"

"ஆசையாத்தான் இருக்கு. தொலி எடுக்க வீட்டுல யாரு இருக்கா?"

அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் உருளையை நிறுத்தார்.

அவரைத் தடுத்தது விலை இல்லை. ருசி தெரியாதவரும் இல்லை. முகர்ந்த விதத்திலேயே தெரிந்தது, சின்ன வயதில் கிண்ணம் கிண்ணமாகத் தின்றவர். தடுத்தது தோல். நம் அடுக்களையை விட்டு ஒரு கிழங்கு வெளியேறுகிறது என்றால் பெரும்பாலும் தோலால்தான் வெளியேறுகிறது என்பது என் கட்சி. சேனை அரிக்கும். கருணை காறும். சேம்பு வழுக்கும். மரவள்ளி பயமுறுத்தும். சிறுகிழங்கோ பொறுமையைச் சோதிக்கும். உருளையும் கேரட்டும்தான் சொன்னபடி கேட்கும். வாரத்துக்கு நான்கு நாள் அவையே தட்டில் விழுகின்றன.

இத்தனைக்கும் கிழங்கு நமக்குப் புதிதில்லை. பாரியின் பறம்புமலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்றில் அடுக்குகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். உருளையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி இங்கே வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் கிழங்கு அகழ்ந்து தின்ற கூட்டம். இன்றும் நெல்லைப் பக்கம் பொங்கல் அன்று கிழங்கு இல்லாமல் படையல் நிறையாது. மகளுக்குக் கொடுக்கும் பொங்கல்படியில் கரும்போடும் மஞ்சள் குலையோடும் சேனையும் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் போகும். போகும் கிழங்கு சமைக்கப்படுகிறதா, பால்கனி மூலையில் முளைவிடுகிறதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

ஆறு வினைச்சொல்

தோல்சீவிக்கு அந்தப் பெயரை வைத்தபோதே தகராறு தொடங்கிவிட்டது. அந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒரே வினை: சீவு. அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சியின் அடுக்களையில் குறைந்தது ஆறு வினை இருந்தது. கேரட்டைச் சீவுவாள். இஞ்சியைச் சுரண்டுவாள். சேனையைச் செதுக்குவாள். மரவள்ளியைக் கீறிக் கழற்றுவாள். சேம்பை அவித்துப் பிதுக்குவாள். சிறுகிழங்கைத் தேய்ப்பாள். எல்லாமே தோலெடுப்பதுதானே, ஏன் இத்தனை சொல் என்று பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது நினைத்திருக்கிறேன். பிற்பாடு தனியாகச் சமைக்க ஆரம்பித்த பிறகுதான் பிடிபட்டது: செய்முறை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சொல்லை மாற்றிச் செய்தால் கை அரிக்கும், இல்லையென்றால் கிழங்கு பாதியாகும், சில சமயம் வயிற்றுக்கே வம்பு.

கருவியும் அப்படித்தான். கத்தியில் கத்தி நகரும், காய் நிற்கும். அரிவாள்மணையில் கத்தி நிற்கும், காய் நகரும். ஐந்து கிலோ சேனையை மேடையில் வைத்துக் கத்தியால் பிளப்பது மல்யுத்தம். அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு கையும் கிழங்கைத் திருப்பக் கிடைக்கும். மேடைச் சமையலுக்கு மாறியபோது முழங்காலுக்கு நல்லது நடந்தது, சேனைக்கு நடக்கவில்லை.

சேனையைக் கழுவாதீர்கள்

சேனை விஷயத்தில் நாம் செய்யும் முதல் தப்பு, வாங்கி வந்ததும் குழாயடியில் காட்டுவது. மண்ணாக இருக்கிறதே, கழுவித்தானே நறுக்க வேண்டும் என்று தோன்றும். ஈரச் சேனையும் ஈரக் கையும் சேர்ந்தால் ராத்திரிவரை சொறியலாம்.

காரணம், கண்ணுக்குத் தெரியாத ஊசி. சேனை, சேம்பு, கருணை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அவற்றின் செல்கள் சிலவற்றுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, ஊசி ஊசியாகக் கட்டுக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கத்தி அந்தச் செல்லைக் கிழித்ததும் ஊசிகள் வெளியே வந்து தோலில் ஏறுகின்றன. கையில் ஏறினால் அரிப்பு, தொண்டையில் ஏறினால் காறல். மண்ணுக்கடியில் அசையாமல் கிடக்கிற கிழங்குக்குப் பன்றியிடமிருந்தும் பெருச்சாளியிடமிருந்தும் தப்பிக்க வேறு என்ன வழி?

ஆகவே, முதலில் உலர்ந்த துணியாலோ பழைய பிரஷ்ஷாலோ மண்ணைத் தட்டிவிடுங்கள். கைக்கு மணிக்கட்டு வரை எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் சரி. கிழங்கைக் கனத்த வட்டங்களாகப் பிளந்து, வட்டத்தைத் தட்டையாகக் கிடத்தி, விளிம்பைச் சுற்றிலும் தாராளமாகச் செதுக்குங்கள். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. சீவினால் மேல்தோல் மட்டும் வரும். பள்ளத்திலும் முண்டிலும் ஒட்டியிருப்பது அப்படியே நிற்கும். துண்டு போட்ட பிறகுதான் தண்ணீர். மஞ்சள்பொடி போட்டுப் புளித்தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துவிட்டால் பிறகு வறுவலோ குழம்போ உங்கள் இஷ்டம். அப்படியும் கை அரித்தால் உடனே தண்ணீரில் அளையாமல், புளியைக் கரைத்துத் தேய்த்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். ஆச்சி, அடுப்பனலில் உள்ளங்கையைக் காட்டச் சொல்வாள். அதுவும் கேட்கும்.

இன்னொரு சேதி. சேனையைப் பற்றிய நம் பயத்தில் பாதி பழைய பயம். இப்போது சந்தைக்கு நிறைய வருவது ஆந்திரத்திலிருந்து பரவிய கஜேந்திரா ரகம். காறல் மிகக் குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீபத்மாவும் அப்படியே. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாட்டி பட்ட அரிப்பை நினைத்து இன்றைக்குச் சேனையை ஒதுக்குவது நியாயமில்லை.

பிடிகருணைக்கு அந்தச் சலுகை கிடையாது. பெயரில் இருக்கும் கருணை அதற்குத் தொண்டையில் இருக்காது. அதைப் பச்சையாகத் தோலெடுக்க முயலவே வேண்டாம். வாங்கி வந்து இரண்டு மூன்று வாரம் காற்றாட உலரப் போடுங்கள். பழசாக ஆகக் காறல் குறையும். பிறகு அரிசி களைந்த நீரில் ஒரு சுளைப் புளியும் போட்டுத் தோலோடு குழைய வேகவைத்து, ஆறியதும் உரித்து மசிக்கலாம். இறக்கி எலுமிச்சை பிழிந்துவிட்டால் மசியலுக்கு ஈடு கிடையாது. சிறுநீரகக் கல் வந்து போனவர்கள் மட்டும், இந்தக் குடும்பத்துக் கிழங்குகளை இலையில் வாங்குவதற்கு முன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கல்லில் பெரும்பாலும் இருப்பது இதே ஆக்சலேட்தான்.

சேப்பங்கிழங்கில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் விருந்தாளிக்கு ரோஸ்ட் செய்யலாம் என்று குக்கரில் நான்கு விசில் விட்டேன். திறந்தால் கஞ்சி. இந்தக் கிழங்கில் பசைத்தன்மை அதிகம். ஒரு நிமிஷம் கூடினாலும் கையில் நிற்காது. ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கும்போது வடித்துக் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஒரு முனையைக் கிள்ளி மறுமுனையைப் பிதுக்கினால் கிழங்கு சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே குதிக்கும். அந்த வினைச்சொல்லுக்காகவே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அடுத்த கால்மணி நேரத்துக்கு வீட்டில் சண்டை இருக்காது.

மரவள்ளி: தோலுக்குள் ஒரு தோல்

ஏழிலைக்கிழங்கு என்பது நெல்லை. மரச்சீனி என்பது குமரி. குச்சிக்கிழங்கு என்பது சேலமும் கொங்கும். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதை வளர்க்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். அரிசிப் பஞ்சக் காலங்களில் அந்தச் சீமையின் வயிற்றை நனைத்தது இதுதான். சேலத்துப் பக்கம் இதன் பாலே ஜவ்வரிசியாகிறது.

தோல்சீவியால் மோசம் போவது இந்தக் கிழங்கில்தான். மரவள்ளிக்குத் தோல் இரண்டு. மேலே இருப்பது காகிதம் போன்ற பழுப்புச் சருகு. அதற்கடியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தோசை கனத்துக்கு ஓர் உள்தோல் உண்டு. தோல்சீவி சருகை மட்டும் எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நம்மை நம்பவைக்கும். விஷம் கூடுதலாக இருப்பது அந்த உள்தோலில்.

விஷம் என்று சொன்னால் பதற வேண்டாம். கிழங்கில் லினாமரின் என்றொரு பொருள் இருக்கிறது. செல் உடையும்போது கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளியேற்றுகிறது. ஆனால் அந்த நஞ்சு சுமார் 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். நம்மூர் வெயிலுக்கு அது ஒன்றுமே இல்லை. போக வழி விட்டால் போய்விடும். நாம் மூடி போட்டு அடைத்தால்தான் சிக்கல்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கிழங்கை நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். துண்டின் நெடுக ஒரு கீறல். கீறலுக்குள் கத்தி நுனியை நுழைத்து நெம்பினால் இரண்டு தோலும் ஒன்றாக, மரப்பட்டை கழல்வது மாதிரி வட்டமாகக் கழன்று வரும். வராமல் பிய்ந்து பிய்ந்து வந்தால் கிழங்கு பழசு. குறுக்குவெட்டில் நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தாலும் பழசு, வாங்காதீர்கள். தோண்டி இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும் கிழங்கு இது. தோலெடுத்ததைச் சிறிதாக நறுக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் நொதி தன் வேலையைச் செய்வதற்கு முன்பே செத்துவிடும். மூடி வேண்டாம். வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போகிறதே என்று குழம்பில் சேர்க்காதீர்கள். நடுவில் ஓடும் நாரை உருவி எடுத்துவிட்டால் மீன்குழம்போ மிளகாய்த் துவையலோ போதும். பச்சையாகக் கடித்துப் பார்க்கும் விளையாட்டு மட்டும் எந்த வயதிலும் கூடாது. வெந்தது கசந்தாலும் துப்பிவிடுங்கள்.

மரவள்ளி தின்ற அன்று இஞ்சி சேர்க்கக் கூடாது என்று இலங்கையில் ஒரு நம்பிக்கை உண்டு. இஞ்சியைக் குறைசொல்லும்முன், தண்ணீரை வடித்தோமா என்று பார்ப்பது நல்லது.

மற்றவை

உருளையைப் பற்றிப் பாதி மூடநம்பிக்கை. சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது என்பது மிகை. நார்ச்சத்தில் கணிசமான பங்கு தோலில், ஆனால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் சதையிலேயே ஏராளம். தோலோடு அவித்து உரித்தால் அவை தண்ணீரில் அதிகம் கரைந்து போகாது என்பதே உண்மையான லாபம். பச்சை நிறம் ஏறியதையும் முளைவிட்ட கண்ணையும் ஆழமாகத் தோண்டி எறியுங்கள். அங்கே சேரும் சோலனின் வேகவைத்தாலும் அழியாது. ரொம்பப் பச்சையாக இருந்தால் கிழங்கையே எறியுங்கள். இருட்டான கூடையில் வையுங்கள், வெங்காயத்தோடு சேர்க்காதீர்கள்.

பீட்ரூட்டை வாலும் ஒரு விரல் தண்டும் விட்டு முழுதாக வேகவையுங்கள். வெட்டினால் நிறம் தண்ணீருக்குப் போகும். வெந்த பிறகு தோல் கையோடு வரும். மறுநாள் காலையில் சிறுநீர் சிவந்திருந்தால் சிலருக்கு அது இயல்பு, டாக்டரிடம் ஓட வேண்டாம். இளங்கேரட்டைத் தேய்த்துக் கழுவினால் போதும், முற்றினதை மட்டும் சீவுங்கள். முள்ளங்கியின் காரம் தோலை ஒட்டியே அதிகம். காரம் பிடிக்காத வீட்டில் சீவி எறியலாம், என் வீட்டில் மாட்டோம். சுக்குக்கு மேல்தோல் ஆகாது என்பது சித்த வைத்தியர் வழக்கு. இஞ்சிக்குக் கத்தி எதற்கு, ஒரு ஸ்பூன் விளிம்பால் சுரண்டினால் இடுக்கெல்லாம் வரும். பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, உரித்து, பிளந்து நடுக்குருத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அவித்துப் பிளந்து காயவைத்தால் அது யாழ்ப்பாணத்துப் புழுக்கொடியல். பல்லுக்கு நல்ல பரீட்சை.

தோல்சீவியை இவ்வளவு திட்டிவிட்டேன். அதன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1947-இல் ஆல்ஃபிரட் நெவெட்செர்சால் உருவாக்கிய ரெக்ஸ் தோல்சீவியைச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 2004-இல் தபால்தலையிலேயே போட்டுக் கொண்டாடினார்கள். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவலியால் தன் மனைவி தோல்சீவியைப் பிடிக்க முடியாமல் சிரமப்பட்டதைப் பார்த்துத் தடித்த ரப்பர் பிடி போட்ட கருவிகளை 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நோகும் கையை ஒருவர் கவனித்தார், கருவி மாறியது. நம் வீட்டில் சேனை செதுக்கிய கைகளை யாரும் அப்படிக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

சாக்கு எடுத்து வா

கடைசியில் அந்தச் சிறுகிழங்கு. சீனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் சைனீஸ் பொட்டேட்டோ என்று பெயர், பூர்வீகம் ஆப்பிரிக்கா. துளசி, கற்பூரவல்லியின் குடும்பம். அந்தப் பெண்மணி முகர்ந்தாரே, அந்த வாசம் சும்மா வந்ததில்லை. மலையாளத்தில் கூர்க்க. கடையம், தென்காசிப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்து மார்கழி, தையில் சந்தைக்கு வரும்.

எலுமிச்சை அளவுகூட இல்லாத இதைக் கத்தியால் ஒவ்வொன்றாகச் சீவினால் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தோலோடு கால்வாசிக் கிழங்கும் போகும். விரல் நகமெல்லாம் மை பூசியது போல் கறுக்கும். எங்கள் வீட்டில் யாரும் சீவியதில்லை. ஆச்சி முதல்நாள் ராத்திரியே கிழங்கைத் தண்ணீரில் கொட்டிவிடுவாள். காலையில், "சாக்கு எடுத்து வால" என்று குரல் வரும். உதறிக் கழுவிய சணல் சாக்கில் ஊறின கிழங்கைப் போட்டு, ஒரு கை கல்லுப்பு எறிந்து, வாயை முறுக்கித் தாத்தா கையில் கொடுப்பாள். தாத்தா கொல்லைத் துவைகல்லில் சாக்கை வைத்து முன்னும் பின்னும் உருட்டித் தேய்ப்பார். கிழங்கும் கிழங்கும் உரசி, கிழங்கும் சணலும் உரசி, பத்து நிமிஷத்தில் முக்கால்வாசித் தோல் போய்விடும். இரண்டு தண்ணீர் அலசினால் வெள்ளைக் கூழாங்கல் மாதிரி இருக்கும். கண்ணில் ஒட்டிய மிச்சத்தைக் கத்தி நுனியால் எடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை. தோலெடுத்ததைத் தண்ணீரிலேயே போட்டு வைக்க வேண்டும், வெளியே கிடந்தால் பழுப்பேறும். கைக்கறைக்குப் புளி.

சமையலறைப் பக்கமே வராத மனிதர் தாத்தா. ஆனால் சாக்கு முறுக்குவது அவர் வேலை என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. "தொலி எடுக்க யாரு இருக்கா" என்ற கேள்விக்கு அந்த வீட்டில் ஒரு பதில் இருந்தது. இன்றைக்கு மூன்று அறை ஃபிளாட்டில் அது இல்லை. தோலெடுத்து பாக்கெட்டில் போட்ட சிறுகிழங்கும் இப்போது கண்ணில் படுகிறது. வாங்கிப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிக் கிடந்ததில் வாசம் போய்விட்டிருந்தது. அதற்கு உருளையே தேவலை.

சாக்கு கிடைக்காவிட்டால் வெங்காயம் வரும் வலைப்பையை இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொள்ளலாம். துவைகல்லுக்கு மொட்டைமாடியின் சொரசொரத்த தரை போதும். செய்து பார்த்துவிட்டேன்: ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு நிமிஷம். தேய்த்தது நான்; மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, தேங்காய் துருவுவது யார் என்று மட்டும் கேட்டாள்.

தை முடிந்தால் வரத்து குறைந்துவிடும். இந்த வாரமே ஒரு கிலோ வாங்குங்கள். சாக்கைப் பெண்கள் கையில் கொடுக்காதீர்கள்.